எந்த மாசம் வச்சீங்க?

"செடி நல்லா வளருது, காய்க்கவே மாட்டேங்குது" என்று யார் வந்து சொன்னாலும் நான் உரத்தைப் பற்றியோ பூச்சியைப் பற்றியோ பேச்சை எடுப்பதில்லை. "எந்த மாசம் வச்சீங்க?" என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் அந்தக் கேள்வியோடு விஷயம் முடிந்துவிடும்.

மண்புழு உரம், பஞ்சகவ்யம், வேப்பம் புண்ணாக்கு என்று நாம் எவ்வளவோ பேசுகிறோம். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டாத, மூட்டை கட்டிச் சுமக்க வேண்டாத ஓர் இடுபொருள் இருக்கிறது. அது காலம். சரியான மாதத்தில் மண்ணுக்குள் போன விதைக்கு நீங்கள் பாதி வேலைதான் செய்ய வேண்டும். மீதியை வெயிலும் காற்றும் மழையும் பகிர்ந்துகொள்ளும். சென்னைக்குத் தெற்கே, வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண்ணும் தலைக்கு மேலே ஒரு மொட்டை மாடியும் வைத்துக்கொண்டு இதை ஆண்டுதோறும் கண்ணால் பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க ஆசை அடங்கவே இல்லை.

எனக்கு விதி ஒன்றுதான். எந்த மாதம் விதைப்பது என்பதிலிருந்து யோசனையைத் தொடங்காதீர்கள். பூ எந்த மாதம் வர வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். விதைக்க வேண்டிய மாதம் தானாகக் கைக்கு வந்துவிடும். மழை கொட்டும் வாரத்தில் பூ விரியக் கூடாது. கத்திரி வெயிலில் பிஞ்சு பிடிக்கக் கூடாது. பட்டம் பார்த்து விதைப்பது என்பதன் சாரம் இவ்வளவுதான். இதற்குள் எத்தனை அழகு இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஆடி என்னும் அற்புதம்

ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழியைக் கேட்காமல் வளர்ந்த தமிழர் இருக்க மாட்டார். ஆனால் ஏன் ஆடி? நம் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரிக்கும்போது, ஆனியும் ஆடியும் முதுவேனில். அதாவது கடும் வெயிலின் கடைசிப் பகுதி. மழைக்காலமான கார் பிறப்பது ஆவணியில்தான். மழை வருவதற்கு முன்பே, மண் இன்னும் சூடாக இருக்கும்போதே விதைக்கச் சொன்னார்கள்.

எவ்வளவு நுட்பமான கணக்கு பாருங்கள்! வெண்டை, கத்தரி, கொத்தவரை, பூசணி எல்லாமே வெப்பமண்டலத்துப் பிள்ளைகள். முளைக்க அவற்றுக்குச் சூடான மண் வேண்டும். ஆடியில் மண் சூடாக இருக்கிறது. மேலே தென்மேற்குப் பருவக்காற்றின் மேகம் வெயிலை அவ்வப்போது மறைக்கிறது. எங்கள் பக்கம் சாயங்காலம் இடி இடித்து ஒரு மழை பெய்துவிட்டுப் போகும். மறுநாள் காலை மீண்டும் வெயில். சூடு, ஈரம், வெளிச்சம் மூன்றும் மாறி மாறி வரும் இந்த நாட்களில் வெண்டை விதை போட்ட ஒரு வாரத்துக்குள் மண்ணைத் தள்ளிக்கொண்டு தலை நீட்டுவதைப் பார்க்க வேண்டும்!

இதைவிடப் பெரிய காரணம் பின்னால் இருக்கிறது. சென்னையின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள், வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டித் தீர்க்கிறது. ஆடி முதல் வாரம் விதைத்த செடிக்கு அந்தப் பெருமழைக்கு முன்பு மூன்று மாத அவகாசம். வெண்டை சுமார் 45 நாளில் காய்க்கத் தொடங்கும். ஆவணியிலும் புரட்டாசியிலும் பறித்துத் தள்ளிவிடலாம். கத்தரிக்கு அதற்குள் தண்டு தடித்து, வேர் இறங்கி, அடைமழையைத் தாங்கும் உடம்பு வந்துவிடும். கத்தரிக்கு நாற்று வளர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால் நான் ஆனியிலேயே நாற்றுத் தட்டை நிரப்பிவிடுவேன். ஆடியின் நடுவில் அது மண்ணுக்கு இறங்கும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்றுக்கும் ஒரு மரியாதை வேண்டும். நாற்றை ஊன்றும் அன்றே பக்கத்தில் ஒரு குச்சியையும் ஊன்றிக் கட்டிவிடுங்கள். நாற்றைக் காலையில் நடாதீர்கள். வெயில் தாழ்ந்த பிறகு நடுங்கள். ராத்திரி முழுக்க அதற்கு ஓய்வு கிடைக்கும்.

இந்த மாதத்தில்தான் அம்மன் கோயில்களில் முளைப்பாரி எடுக்கிறார்கள். நவதானியத்தைச் சட்டியில் விதைத்து, இருட்டறையில் வளர்த்து, இளம்பச்சையும் மஞ்சளுமாகத் தளதளவென்று நிற்பதைத் தலையில் சுமந்து வரும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். எந்த வீட்டு விதை எப்படி முளைக்கிறது என்பதை ஊர் கூடிப் பார்க்கும் திருவிழா அது. அதுவும் விதைக்கும் பருவத்திலேயே!

பகலை அளக்கும் அவரை

இப்போது என் செல்லத்துக்கு வருகிறேன். கொடி அவரை.

ஆடியில் அவரை விதையை ஊன்றிப் பந்தல் போட்டுவிடுங்கள். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி முழுக்க அது இலையும் கொடியுமாகப் பந்தலை மூடும். ஒரு பூவும் இராது. அவசரப்படாதீர்கள். கார்த்திகை பிறந்ததும் ஊதா நிறத்திலும் வெள்ளை நிறத்திலும் பூச்சரங்கள் இலைக்கு மேலே எழுந்து நிற்கும். அதன் பிறகு மார்கழி, தை என்று பறித்து மாளாது. பொங்கல் குழம்பில் அந்த அவரைக்காய் விழும்போது வரும் மணம் இருக்கிறதே, அதற்காகவே ஒரு பந்தல் போடலாம்.

எங்கள் தெருவில் ஒரு பெண் தை மாதம் அவரை ஊன்றியிருந்தாள். சித்திரையில் வந்து, "அக்கா, கொடி மாடிவரைக்கும் ஏறிடுச்சு. ஒரு பூகூட இல்லையே, வெட்டிடட்டுமா?" என்றாள். "வெட்டாதம்மா, தண்ணி மட்டும் விட்டுக்கிட்டே இரு. கார்த்திகையில என்னை வந்து கூப்பிடு" என்றேன். கார்த்திகையில் அவள் கூப்பிட்டது பூவைக் காட்ட. ஆடியில் ஊன்றிய என் கொடியும் அதே வாரத்தில்தான் பூத்திருந்தது.

காரணம் தெரிந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் பழைய கொடி அவரை பகலின் நீளத்தை அளக்கிறது. பகல் குறுகினால்தான் அது பூக்கும். சென்னையில் ஜூன் மாதத்தின் மிக நீண்ட பகலுக்கும் டிசம்பரின் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். நமக்கு அது தெரிவதே இல்லை. அவரைக்குத் தெரிகிறது!

இந்த ரகசியத்தை உலகத்துக்கு முறையாக எழுதிக் காட்டியவர்கள் அமெரிக்க வேளாண் துறையின் கார்னர், அல்லார்ட் என்ற இருவர். அவர்கள் சோயா மொச்சையை வெவ்வேறு தேதிகளில் விதைத்தார்கள். முன்னே விதைத்ததும் பின்னே விதைத்ததும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூத்தன. பகலின் நீளம்தான் பூப்பதைத் தீர்மானிக்கிறது என்று 1920-இல் வெளியிட்டார்கள். எங்கள் தெருவில் இரண்டு பந்தல்களில் நடந்தது அதே சோதனை. இதை ஏட்டில் எழுதாமலேயே, அவரைக்கு ஆடி என்று வைத்த நம் பாட்டிமாரை எப்படிக் கொண்டாடுவது?

குத்து அவரையில் பகலைப் பார்க்காத ரகங்கள் இருக்கின்றன. தொட்டியில் வளர்ப்பவர்கள் அவற்றை எந்த மாதத்திலும் போடலாம். ஆனால் விதை வாங்கும்போது கொடியா குத்தா என்று கேட்டு வாங்குங்கள்.

பகல் குறையும்போது குதூகலிக்கும் கூட்டத்தில் சாமந்தியும் உண்டு. ஆனி, ஆடியில் பக்கக் கன்றைப் பிரித்து நட்டு, ஒரு சாண் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளை கிளையாகப் புதராகும். கார்த்திகையிலிருந்து பொங்கல் வரை மொட்டை மாடி மஞ்சளாகவே இருக்கும். வேலியோரம் டிசம்பர் பூ வைத்தவர்களுக்கு மார்கழிக் காலையில் கோலம் போடும்போதே பறிக்கப் பூ தயார்.

மழை விட்ட பிறகு

புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்பார்கள். இந்த மாதத்தை நம்பிப் பெரிய விதைப்பு எதையும் நான் திறந்த வெளியில் வைப்பதில்லை. ஆனால் கூரைக்கு அடியில் என் நாற்றுத் தட்டுகள் நிறைந்திருக்கும். தக்காளி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல்.

தக்காளியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அது வெயில் செடிதான். ஆனால் அதன் மகரந்தம் வெப்பத்துக்கு அஞ்சும். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் சூடு தணியாத நாட்களில் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். அடைமழையில் பூத்தாலும் நனைந்து அழுகும். ஆகவே சென்னைக்காரர்களுக்கு என் கணக்கு இதுதான்: தக்காளி மார்கழியில் பூக்க வேண்டும். நாற்றுக்கு 25 நாள், நட்டபின் பூக்க ஒரு மாதம் சொச்சம். அப்படியானால் புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசி முதலிலோ தட்டில் விதை போட வேண்டும். மழை இடைவெளி கொடுக்கும் கார்த்திகையில் நட வேண்டும். தை மாசி மாதங்களில் கொத்துக் கொத்தாகச் சிவந்து தொங்கும் பழங்களைப் பார்த்தால், அன்றைக்கு வேறு வேலை ஓடாது.

கார்த்திகையில் மழை கொஞ்சம் ஓய்ந்ததும் என் தோட்டம் ஊட்டியாகிவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். முள்ளங்கி, பீட்ரூட், கேரட் மூன்றையும் நேராக மண்ணில் தூவிவிடுவேன். நாற்று விட்டு இடம் மாற்றினால் கிழங்கு கோணிப்போகும். முள்ளங்கி ஒன்றரை மாதத்தில் சாம்பாருக்கு வந்துவிடும். கேரட் முளைக்கவே பத்து நாள் எடுக்கும். அதுவரை மேல்மண் காயக் கூடாது. குளிர் கூடக் கூடக் கிழங்கின் நிறமும் இனிப்பும் கூடும். சமவெளியில் நமக்குக் கிடைப்பது மார்கழி, தை என்று சின்னக் குளிர்தான். அந்தச் சின்னக் குளிரை ஒரு நாள்கூட வீணாக்கக் கூடாது.

கொத்தமல்லியும் இந்தக் கட்சிதான். வெயில் காலத்தில் போட்டால் இலை தராமல் சடாரென்று பூத்துவிடும். கார்த்திகையில் தனியாவை இரண்டாக உடைத்துத் தூவிப் பாருங்கள். மார்கழி முழுக்க கிள்ளக் கிள்ளத் தழையும். அந்த வாசனை கடைக் கட்டில் எந்நாளும் வராது.

தையும் கொடிகளும்

ஆடியைப் பாடும் நாம் தையை மறந்துவிடுகிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. பாகல், புடலை, பீர்க்கு, சுரை நான்குக்கும் ஆடி ஒரு பட்டம் என்றால், தை இன்னொரு பட்டம். மழை முடிந்து மண்ணுக்குள் ஈரம் தங்கியிருக்கும். பனி விலகி வெயில் மெல்ல ஏறும். ஊன்றிய விதை மாசி கடைசியிலோ பங்குனியிலோ பூக்கும்.

அந்தத் தேதியில்தான் சூட்சுமம். இந்தக் கொடிகளில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. வெப்பமும் பகலின் நீளமும் கூடினால் ஆண் பூக்கள் பெருகும். பெண் பூ குறையும். "பூவா பூக்குது, பிஞ்சே இல்லை" என்று கோடையில் வரும் புலம்பலில் பாதி இதனால்தான். தை முதல் வாரமே விதை ஊன்றினால் கடும் வெயிலுக்கு முன்பே பெண் பூக்கள் வந்து பிஞ்சும் பிடித்துவிடும்.

கொடிப் பந்தல் வைத்திருப்பவர்கள் மாசி மாலைகளில் வீட்டுக்குள் உட்காரவே கூடாது. பாகலும் பூசணியும் காலையில் விரியும். பீர்க்கின் மஞ்சள் பூவும் சுரையின் வெள்ளைப் பூவும் பொழுது சாயும்போது விரியும். புடலையின் பூவோ ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து, இருட்டில் தனியாக வெளிச்சம் காட்டும். அந்தி வேளையில் பந்தலுக்கு அடியில் நின்று பெண் பூவைத் தேடி, ஆண் பூவின் மகரந்தத்தை நாமே தொட்டு வைத்துவிட்டு வந்தால், பிஞ்சு நிச்சயம். மாடியில் தேனீ வராதவர்களுக்கு இது பெரிய உபகாரம்.

தர்பூசணியும் வெள்ளரியும் தையில் போட்டால் பங்குனி, சித்திரையில் தாகத்துக்கு ஆகும். வெண்டைக்கும் மாசியில் இன்னொரு வாய்ப்பு உண்டு. மார்கழியில் மட்டும் போடாதீர்கள். குளிர்ந்த மண்ணில் அது முளைக்க மனசே வைக்காது.

கத்திரி வெயிலிலும் உண்டு வேலை

மே மாதம் தோட்டத்துக்கு விடுமுறை என்று பலர் தொட்டிகளைக் கவிழ்த்துவிடுகிறார்கள். ஐயோ, வேண்டாமே! பொங்கல் பானையில் கட்டும் மஞ்சள் கொத்து உங்கள் வீட்டு மண்ணிலிருந்து வர வேண்டுமானால் அந்த மாதத்தில்தான் கிழங்கை ஊன்ற வேண்டும். மஞ்சளுக்கு எட்டு ஒன்பது மாதம் வேண்டும். தையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சித்திரை கடைசி, வைகாசி என்று வந்து நிற்கும். முளை கட்டிய விரலி மஞ்சளை அகலமான தொட்டியில் இரண்டு அங்குல ஆழத்தில் வைத்து, மேலே காய்ந்த சருகைப் போர்த்திவிடுங்கள். ஆடியில் வாழைக் கன்று போல இலை விரியும். போகிக்கு மறுநாள் விடியற்காலையில் அதை வேரோடும் இலையோடும் மண் மணக்கப் பிடுங்கி எடுக்கும் ஆனந்தத்தை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது. நீங்களே பிடுங்கிப் பாருங்கள்.

அதே வெயிலில் வெள்ளையாகச் சிரிப்பது மல்லிகை. அதன் ரகசியம் நவம்பரில் இருக்கிறது. குண்டு மல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். கை நடுங்கத்தான் செய்யும். வெட்டுங்கள். குளிரில் அடங்கிக் கிடந்துவிட்டு, மாசி பங்குனியில் புதுக் கிளைகள் கிளம்பும். பூ வருவது புதுக் கிளையில்தான். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் சாமிக்கும் தலைக்கும் போக, அக்கம்பக்கத்துக்கும் கொடுத்து வாழலாம். நடுவதற்கு மட்டும் மழைக்காலம்; வெட்டுவதற்கு முன்பனிக்கு முன்.

மரமாகப் போகிறவை

மா, கொய்யா, எலுமிச்சை, சீத்தா என்று பல ஆண்டு நிற்கப்போகும் கன்றுகளுக்கு ஆடியிலிருந்து புரட்டாசி வரை நல்ல காலம். அடுத்து வரும் மழை முழுதும் வேருக்குப் போய்ச் சேரும். முதல் சித்திரை வெயிலைப் பார்க்கும்போது கன்றுக்கு ஆறேழு மாத வேர் இருக்கும். மாசியில் நட்ட கன்றுக்கோ இரண்டே மாத வேர். ஒரே நர்சரியில், ஒரே விலைக்கு வாங்கிய இரண்டு கன்றுகளின் வாழ்வையே இந்த வித்தியாசம் மாற்றிவிடுகிறது.

பின்னோக்கி எண்ணும் கணக்கை முருங்கையில் படித்துக்கொள்ளலாம். 1989-இல் பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம்-1 என்ற விதை முருங்கை, ஆறு மாதத்தில் காய்க்கும் ரகம். அதற்கு ஏற்ற விதைப்பு மாதம் செப்டம்பர் என்று வேளாண் விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். பூக்கும் பருவம் மழையில் மாட்டக் கூடாது. மாட்டினால் பூ கொட்டிவிடும் என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். ஆவணி கடைசியில் ஊன்றிய விதை, மழை முழுக்க உயர்ந்து வளர்ந்து, மழை ஓய்ந்தபின் பூக்கும். கோடையில் காய் நீண்டு தொங்கும். விதைக்கும் நாளைப் பூக்கும் நாள் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

ஊருக்கு ஊர்

நான் சொன்ன மாதங்கள் சென்னைக்கும் கடலோரத்துக்கும் நன்றாகப் பொருந்தும். தென்காசி, கன்னியாகுமரிப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் நனைக்கும் என்பதால் ஆனியிலேயே அவர்களால் மண்ணைக் கிளற முடியும். கோயம்புத்தூரின் இரவுக் குளிர் எங்களுக்குப் பொறாமை தரும். காலிஃபிளவர் அங்கே இன்னும் மொத்தமாகத் திரளும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கணக்கே வேறு. எங்களை நனைக்கும் அதே வடகிழக்கு மழைதான் இலங்கையின் பெரும்போகத்துக்கும் உயிர். ஆகவே அங்கே வடக்கிலும் கிழக்கிலும் வாழும் தமிழர்கள் இந்தக் கட்டுரையின் மழைக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மற்ற ஊர்க்காரர்கள் உங்கள் ஊரில் எந்த வாரம் அடைமழை, எந்த வாரம் கடும் வெயில் என்ற இரண்டை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பூவை அந்த இரண்டுக்கும் நடுவே கொண்டுபோய் வையுங்கள்.

தமிழ் மாதம் போட்ட ஒரு தினசரிக் காலண்டரும் ஒரு பேனாவும் போதும். விதை போட்ட நாளையும் முதல் பூ வந்த நாளையும் அதில் குறித்துவைத்து, வருஷம் முடிந்ததும் அந்தத் தாள்களைத் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்துங்கள். உங்கள் வீட்டு மண்ணுக்கென்று ஒரு பஞ்சாங்கம் உருவாகும். அதற்கு நிகரான தோட்டப் புத்தகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

இதைப் படிக்கும் மாதம் எதுவாகவும் இருக்கட்டும். அந்த மாதத்துக்கென்று ஒரு விதை நிச்சயம் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அதைத் தேடி வாங்கி, ஒரே ஒரு தொட்டியிலாவது ஊன்றிவிடுங்கள்.